ஸூரிலிருந்து கல்ஹாத்துக்கு

இப்னு பதூதாவை நாம் பெரும்பாலும் அரசவைகளின் வழியாகவே அறிந்து வைத்திருக்கிறோம். தில்லியில் முஹம்மது பின் துக்ளக், மதுரையில் கியாஸுத்தீன் என ஸுல்தான்களைப் பற்றி அவர் கூறியவற்றையே நம் வரலாற்று நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளுகின்றன. ஓமான் கடற்கரையில் அவர் கால்நடையாகச் சென்ற சிறு பயணம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அதில் இந்தியர் ஒருவரும் உடன் நடந்தார் என்பதனால் அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

கி.பி. 1330ஐ ஒட்டிய காலம். ளஃபாரிலிருந்து சிறு மரக்கலமொன்றில் புறப்பட்ட அவருக்குக் கலத்திலிருந்தோரின் போக்குப் பிடிக்கவில்லை. தீவொன்றில் பறவைகளைப் பிடித்து, முறைப்படி அறுக்காமலேயே சமைத்து உண்டனர்; அவரோ பேரீச்சம்பழமும் மீனும் கொண்டு நாள்களைக் கழித்தார். தியாகத் திருநாளும் கடற்கொந்தளிப்புக்கு இடையிலேயே கழிந்தது. ஸூர் என்னும் ஊரருகே நங்கூரமிட்டபோது, மலைச்சரிவில் கல்ஹாத் நகரம் மிக அருகில் இருப்பதுபோல் தெரிந்தது. அஸர் வேளைக்குள் சென்றடையலாம் என்றனர். உண்மையில் இடைத்தொலைவு சுமார் 20 கிலோமீட்டர், வழியெங்கும் பள்ளத்தாக்குகள்.

கப்பலாள் ஒருவனை வழிகாட்டியாக அமர்த்தித் துணிமூட்டையை அவனிடம் கொடுத்தார். ஈட்டியைத் தாமே ஏந்தினார். கித்ர் என்ற இந்தியர் துணைக்கு வந்தார். கடல்நீர் ஏறும் கழியொன்றை வழிகாட்டி மூட்டையுடன் கடக்க முற்பட்டபோது இப்னு பதூதாவுக்கு ஐயம் பிறந்தது. பிறர் அதே இடத்தை நீந்திக் கடப்பதைக் கண்டதும், தங்களை மூழ்கடிக்கவே அவன் எண்ணினான் எனத் துணிந்தார். அதன்பின் நீரற்ற வெளி. வழியில் எதிர்ப்பட்ட குதிரைவீரர் ஒருவரின் கூட்டத்தாரே தாகம் தணித்தனர்.

இரவில் பாதையை விட்டு விலகி, உம்மு கைலான் எனும் வேலமரத்தடியில் மூவரும் தங்கினர். துணிகளைத் தம் ஆடைக்குள் செருகிக்கொண்டு, ஈட்டியைக் கையில் பிடித்தபடி, வழிகாட்டி அசையும்போதெல்லாம் குரல் கொடுத்து அவர் விழித்திருந்தார். கித்ரோ தாகத்தாலும் நோயாலும் சோர்ந்து உறங்கிவிட்டார். வாழ்வின் நீரோடு இணைத்துப் பேசப்படும் பெயரைத் தாங்கியவர் தண்ணீருக்குத் தவித்தார்!

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. அதுவும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவிக்கப்பட்டது. இருட்டியபின் "நகரம் அருகில்தான், நடந்துவிடலாம்" என்று அந்த வழிகாட்டி கூறியது சதியா, நல்லெண்ணமா? அவன் பெயர்கூட நமக்கு எட்டவில்லை. அவன் குற்றவாளி என்றே வழிவழியாக ஏற்பது வரலாற்று நேர்மையாகாது என்பது நம் கருத்து. மொழி புரிந்தும் மனிதரைப் புரியாத அயலூர்ப் பயணியின் அச்சத்துக்கும் இதில் பங்குண்டு.

காலையில் நகரவாயிலை அடைந்தபோது காலணிகள் இறுகி நகக்கண்ணில் இரத்தம் கசியும் நிலை. வாயிற்காவலனோ, ஆளுநரிடம் வந்து விவரம் கூறினாலன்றி விடமுடியாது என்றான். அந்நிய வணிகர் வந்துபோகும் துறைமுகத்துக்கு அந்த ஒழுங்கு தேவைதான். ஆளுநர் நல்லவர், 6 நாள் விருந்தளித்தார். அந்நாள்களில் நம் பயணியால் எழுந்து நிற்கவும் இயலவில்லை.

கல்ஹாத் அப்போது ஹுர்முஸ் அரசுக்கு உட்பட்டிருந்தது. இங்கிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் சென்றதை மார்க்கோ போலோவும் குறித்துள்ளார். இந்தியாவிலிருந்து அரிசி வந்தது. இலைமேல் சுட்ட மீனை அந்தச் சோற்றுடன் உண்ட இப்னு பதூதா, அதனை எல்லா இறைச்சியினும் மேலாகப் போற்றுகிறார். கடலை நோக்கி உயர்ந்து நின்ற, வண்ண ஓடு பதித்த பள்ளிவாசலைக் கட்டியவர் பீபி மர்யம் என்ற ஸாலிஹான பெண்மணி என்றும் எழுதுகிறார்.

1508இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் நகரையும் பள்ளிவாசலையும் எரித்தார். பின்னர் அகழ்வாய்வில் பள்ளியின் அடித்தளம் வெளிப்பட்டது. 2018இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இடிபாடுகளுக்கு நடுவே, குவிமாடம் சரிந்த சதுரக் கட்டடம் ஒன்று மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதனை மக்கள் பீபி மர்யமின் அடக்கத்தலம் என்றே வழங்கி வருகின்றனர்.