இளசைத் தேடிய பயணம்: பீன்ஸ் பொரியலின் கதை

கால் கிலோ பீன்ஸ், இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. பீன்ஸ் பொரியலுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நாள் தவறாமல் ஏதோ ஒரு தமிழ் வீட்டு அடுப்பில் அது வெந்துகொண்டிருக்கிறது. சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் கிடைக்கிற பேச்சு பொரியலுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் வாணலிக்கு வந்துசேரும் அந்தப் பச்சைக் காய்க்குப் பின்னால் பல்லாயிரம் ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் ஒரே திசையில் நடந்தது: முற்றலைக் குறைத்து இளசைக் கூட்டுவது.

பீன்ஸின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் மலைச்சரிவுகளிலும் தெற்கே ஆண்டிஸ் மலைத்தொடரிலும் அதன் காட்டு வகைகள் இன்றும் வளர்கின்றன. இந்த இரண்டு பகுதிகளிலும் மனிதர்கள் அதைத் தனித்தனியாகப் பயிராக்கினார்கள். காட்டுக் கொடியின் காய் சிறியது, நார் நிறைந்தது. காய்ந்ததும் அதன் இரண்டு தோல்களும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு பட்டென வெடித்து விதையைத் தூர எறியும். விதை பரவ வேண்டிய செடிக்கு அந்த நார் உயிர்நாடி. அறுவடை செய்ய வந்தவருக்கோ அதுவே இடைஞ்சல். வெடிக்காமல் கொடியிலேயே தங்கிய காய்களின் விதையை எடுத்து மறுபடி விதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்தபோது காயின் நார் குறைந்தது, விதை பெருத்தது. நாம் இன்று மென்று விழுங்கும் தோலின் மென்மை அங்கேதான் தொடங்கியது.

அந்த மண்ணில் பீன்ஸ் தனியாக வளரவில்லை. மக்காச்சோளத் தட்டையைப் பற்றிக்கொண்டு கொடி ஏறும். கீழே பூசணி படர்ந்து நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். மூன்றையும் ஒரே வயலில் வைப்பது மெக்சிகோ உழவர்களின் மரபு. அவர்கள் பெரும்பாலும் உண்டது காய்ந்த விதையைத்தான். நாம் ராஜ்மா என்று வாங்குவதும் இதே செடியின் முற்றிய விதைதான். பச்சைக் காயைப் பறித்துச் சமைக்கும் வழக்கம் வேரூன்ற, காய் கடல் கடக்க வேண்டியிருந்தது.

1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகு, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பீன்ஸும் ஐரோப்பா போனது. 16ஆம் நூற்றாண்டின் மத்தியிலேயே ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸின் மூலிகை நூலில் அதன் படம் இடம்பெற்றுவிட்டது. அவற்றில் இரண்டு பட்ட பாடு பீன்ஸுக்கு இல்லை. தக்காளியையும் உருளைக்கிழங்கையும் ஐரோப்பியர் நெடுநாள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பீன்ஸை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஏனென்றால் அவர்களுக்குக் காராமணி முன்பே பழக்கம். வந்த காயும் அதே சாயலில் இருந்தது. இது பழைய உலகத்துக் காய்தான் என்றே அறிஞர்கள்கூட நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெருவின் அன்கோன் கல்லறைகளில் கிடைத்த பழைய விதைகளைத் தாவரவியலாளர் விட்மாக் ஆராய்ந்து அடையாளம் சொன்ன பிறகுதான் அதன் சொந்த ஊர் அமெரிக்கா என்பது உறுதிப்பட்டது.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பிஞ்சுக்காயின் மீது ஆசை வைத்தார்கள். விதை பெருக்கும் முன் பறிப்பதற்கென்றே சதைப்பற்றுள்ள வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் காயின் இரண்டு ஓரங்களிலும் ஓடிய நார் மட்டும் விடவில்லை. அதை நீக்கியவர்களில் முதன்மையானவர் நியூயார்க் மாநிலத்தின் லீ ராய் ஊரைச் சேர்ந்த கால்வின் கீனி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாரில்லாத வகைகளை அவர் உருவாக்கினார். இன்று பீன்ஸை இரண்டாக ஒடிக்கும்போது நார் தொங்காமல் நறுக்கென்று முறிகிறதென்றால், அந்த வேலைக்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கொடி வகைகள் சிலவற்றில் இன்னும் நார் உண்டு. முனையைக் கிள்ளி, ஓரத்தோடு இழுத்து நார் எடுக்கும் பழக்கம் நம் கைகளில் அதனால்தான் தங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டு மலைகளில் இந்தக் காய் காலூன்றியது ஆங்கிலேயர் காலத்தில். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அதன்பின் ஊட்டியில் குடியேறிய ஐரோப்பியருக்குத் தங்கள் ஊர்க் காய்கறி தேவைப்பட்டது. 1840களில் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, நியாயமான விலையில் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் போட்டார்கள். இன்று மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கூடும் ஊட்டி தாவரவியல் பூங்காவின் தொடக்கம் அந்தக் காய்கறித் தோட்டம்தான். 1848இல் இங்கிலாந்திலிருந்து வந்த தோட்டக்கலைஞர் மக்கைவர் அதைப் பூங்காவாக மாற்றி அமைத்தார். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கின. இலங்கையின் நுவரெலியா மலையிலும் இப்படியே ஆங்கிலேயர் வழியாகக் காய்கறிப் பயிர் பெருகியது. அங்குள்ள தமிழர் பீன்ஸைப் போஞ்சி என்பார்கள்.

ஐரோப்பாவில் காராமணி செய்த வேலையை இங்கே அவரைக்காய் செய்தது. அவரை, கொத்தவரை, காராமணிக்காய் மூன்றையும் பொடியாக நறுக்கி, வேகவைத்து, தாளித்துத் தேங்காய் போட்டுப் பிரட்டும் முறை நம் அடுப்படியில் முன்பே தயாராக இருந்தது. பீன்ஸுக்காக யாரும் புதுச் சமையல் கண்டுபிடிக்கவில்லை. அவரைக்காய் உட்காரும் இலையோரத்திலேயே அதற்கும் இடம் கிடைத்தது. கொத்தவரங்காயில் செய்த பருப்பு உசிலி, பீன்ஸிலும் அருமையாக அமைந்தது. கல்யாணப் பந்திகளில் பீன்ஸ் உசிலி இப்போது வழக்கமான பதார்த்தம். இருந்தும் பல குடும்பங்களில் திவசச் சமையலில் பீன்ஸைச் சேர்ப்பதில்லை. வாழைக்காயும் அவரையும் புடலையும் பாகலும்தான் அன்றைக்கு. 'இங்கிலீஷ் காய்' என்று பெரியவர்கள் ஒதுக்கிவைக்கும் அந்த ஒருநாளில் மட்டும், பீன்ஸ் வெளியூரிலிருந்து வந்தது என்பது நினைவுக்கு வருகிறது.

இனி அதன் பயணம் நாள் கணக்கில். விதைத்த ஒன்றரை, இரண்டு மாதத்தில் குத்துச்செடி வகை காய்க்கத் தொடங்கும். ஓரிரு நாள் இடைவெளியில் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். காயை முற்றவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாத வாரங்களில் உழவர் காயைச் செடியிலேயே விட்டுவிட நேர்கிறது. கடையில் நமக்கு முற்றல் காய் கிடைக்கும் நாளில் அதற்குப் பின்னால் இப்படி ஒரு நட்டமும் இருக்கக்கூடும்.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பறித்த காய் சாக்குகளில் ஏறி மேட்டுப்பாளையம், ஒட்டன்சத்திரம் மண்டிகளுக்கு இறங்குகிறது. அங்கே ஏலம் முடிந்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து பெரும்பகுதி கேரளத்துக்கும், மற்றது தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் போகிறது. சென்னைக்கு வருவது கோயம்பேட்டில் இறங்குகிறது. 1996இல் அந்த வணிக வளாகம் திறக்கும்வரை கொத்தவால் சாவடியின் நெரிசலில் இறங்கியது. பறித்த பிறகும் பீன்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. வேகமாகச் சுவாசிக்கும் காய் அது; நெருக்கிக் கட்டிய மூட்டைக்குள் தானே சூடேறும். சர்க்கரை குறையும், நார் கூடும். ரொம்பக் குளிர்ந்தாலும் ஆகாது. 5 டிகிரிக்குக் கீழே நாள்பட வைத்தால் தோலில் துரு நிறத்தில் திட்டுகள் வரும். வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் கிடந்த பீன்ஸ் புள்ளி விழுந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசிக் கட்டம் வாணலியில். நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிற இந்தக் கட்டத்தில்தான் முந்தைய உழைப்பெல்லாம் நிலைக்கவோ வீணாகவோ செய்கிறது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதை வெடிக்கவைக்கும். உளுத்தம்பருப்பு சிவந்ததும் மிளகாய், கறிவேப்பிலை, பிறகு காய். சூடு பட்டதும் பீன்ஸின் பச்சை சட்டெனக் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். செல்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி, உள்ளிருந்த பச்சையம் தெளிவாகத் தெரிவதன் விளைவு அது. ஏழெட்டு நிமிடம் தாண்டினால் காய்க்குள் இருக்கும் அமிலம் பச்சையத்தின் மக்னீசியத்தை வெளியேற்றும். நிறம் மங்கிப் பழுப்பு கலந்த பச்சையாகும். அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும் தன்மையுள்ளது. மூடிவைத்தால் அது திரும்பக் காயிலேயே சொட்டும்.

ஆகவே பொடியாக நறுக்குவது அழகுக்காக மட்டும் அல்ல. சிறு துண்டு சீக்கிரம் வேகும், நிறம் மாறும் முன்பே இறக்கிவிடலாம். ஒரு கை தண்ணீர் தெளித்து, உப்புப் போட்டு, தணலைக் கூட்டித் திறந்தபடியே வேகவிடுவது நல்லது. அழுத்தக் குக்கரில் வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. ஒரு விசில் கூடினாலும் காய் குழைந்துவிடும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவது சரியான வழி இல்லை. பச்சை நிற்கும், ஆனால் காய் கொழகொழவென்று ஆகும், பி1 வைட்டமினும் அழியும். எலுமிச்சை பிழிய வேண்டுமென்றால் இறக்கியபின் பிழியுங்கள். வேகும்போது சேர்த்த புளிப்பு நிறத்தையும் கெடுக்கும், காயையும் வேகவிடாது. தேங்காய்த் துருவல் அடுப்பை அணைத்த பின்பு.

காட்டில் வெடித்த காயை மென்மையாக்கிய உழவர்கள், நாரை நீக்கியவர், மலையில் இடுப்பொடியக் குனிந்து பிஞ்சாகப் பறித்தவர்கள், இரவெல்லாம் லாரி ஓட்டியவர் என எல்லாரும் காத்துத் தந்த இளசு அது. அதற்குப் பொரியலை விடப் பொருத்தமான சமையல் இல்லை என்பதே என் முடிவு. காயின் சுவையை மறைக்கும் மசாலா அதில் எதுவும் இல்லை. அதனாலேயே அசட்டையாகச் செய்தால் உடனே தெரிந்துவிடும்.

கடையில் ஒரு காயை ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு முறிந்தால் வாங்குங்கள். விதை புடைத்திருந்தால் வேண்டாம். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். சோறு வடித்து, குழம்பு இறக்கிய பிறகு கடைசியாகப் பொரியலை அடுப்பில் ஏற்றுங்கள். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைப்பதானால், ஆறிய பிறகு மூடுங்கள்; சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள்ளேயே மேலும் வெந்து நிறமும் பதமும் போய்விடும்.