ஓட்டப் பயிற்சியில் உடல் தேறுவதை மனிதன் கண்டறிந்த வரலாறு

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் தொண்டாமுத்தூர். தென்னந்தோப்பும் பாக்குத் தோப்பும் நிறைந்த இந்தப் பகுதியிலிருந்து இன்னும் மேற்கே போனால் பூண்டி. வெள்ளியங்கிரி மலையேற்றம் அங்கேதான் தொடங்குகிறது. கையில் மூங்கில் தடியோடு ஏழு மலைகளை ஏறிக் கடக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏறுகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "போன வருசம் ரெண்டாவது மலையிலேயே மூச்சு வாங்குச்சு. இந்த வருசம் நாலாவது மலை வரைக்கும் ஒண்ணும் தெரியலை."

சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பேச்சில் ஒரு பெரிய விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. மலை மாறவில்லை. ஏறுகிற ஆள்தான் மாறியிருக்கிறான். மாறாத ஒரு அளவுகோல் இருந்தால்தான் மாறுகிற உடலை அளக்க முடியும். நெடுந்தூர ஓட்டப் பயிற்சியின் வரலாறே இந்த அளவுகோலைத் தேடிய வரலாறுதான்.

நலத்தை நோய் என்று நினைத்த காலம்

19-ஆம் நூற்றாண்டில் கடுமையான உடற்பயிற்சி ஆபத்தானது என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1867-இல் இங்கிலாந்தில் ஸ்கே என்ற அறுவை மருத்துவர், ஆக்ஸ்போர்டு – கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி இளைஞர்களின் உடலைக் கெடுக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். பெரும் விவாதம் எழுந்தது. ஜான் மார்கன் என்ற மருத்துவர் அந்தப் போட்டிகளில் துடுப்புப் போட்ட 294 பேரைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, 1873-இல் நூலாக வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டுக் கணக்குகள் எதிர்பார்த்ததைவிட அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

இருந்தாலும் பயம் தீரவில்லை. பயிற்சி பெற்றவர்களின் இதயம் பெரிதாக இருந்தது, நாடித்துடிப்பு மெதுவாக இருந்தது. நோயாளியிடமும் இவை காணப்படுவதுண்டு என்பதால் குழப்பம் நீடித்தது. 1899-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே இதயத்தின் அளவைக் கணித்தார். எக்ஸ்-ரே அப்போதுதான் வந்த புதிது. பெரிதான அந்த இதயம் அதிக வேலை செய்யவல்ல நல்ல இதயம் என்று அவர் எழுதினார்.

இந்தத் தவறான பயத்துக்கு அதிக விலை கொடுத்தவர்கள் பெண்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடி முடித்த சிலர் களைத்துப் போனதைக் காரணம் காட்டி அதை நீக்கிவிட்டார்கள். 1960-இல்தான் அது திரும்ப வந்தது. பெண்கள் மாரத்தான் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டத்துக்குப் பிறகு களைப்பது ஆணுக்கு வீரமாகவும் பெண்ணுக்கு நோயாகவும் பார்க்கப்பட்டது!

மூச்சை அளந்த விஞ்ஞானி

1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர் ஏ.வி.ஹில். இவரே ஓட்டப் பழக்கம் உள்ளவர். முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, வெளிவிடும் மூச்சை அதில் பிடித்துக்கொண்டு, புல்தரையில் வட்டமாக ஓடினார். வேகம் கூடக் கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கூடியது. நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் வந்ததும் அது அதற்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொரு உடலுக்கும் இப்படி ஒரு உச்சவரம்பு உண்டு என்று 1923-இல் ஹில்லும் அவரது துணைவர் லப்டனும் எழுதினார்கள். பயிற்சியால் இந்த வரம்பை உயர்த்த முடியும் என்பது பின்னர் தெளிவானது.

இதே ஹில் 1943-44-இல் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள அறிவியல் ஆராய்ச்சி நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நாடியே கடிகாரம்

ஹில்லின் முறைக்கு ஆய்வுக்கூடம் தேவை. எளியவர்களுக்கு என்ன வழி? 1930-களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரெய்ண்டல் என்ற இதய மருத்துவரும் ஒரு வழி கண்டார்கள். வீரரை வேகமாக ஓடவிட்டு நாடித்துடிப்பை 180 வரை உயர்த்துவார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் அது 120-க்கு இறங்கினால் அடுத்த ஓட்டம். இறங்கவில்லை என்றால் பயிற்சி மிஞ்சிவிட்டது என்று பொருள். நாளடைவில் நாடி விரைவாக இறங்கினால் உடல் தேறுகிறது என்று அறியலாம். கெர்ஷ்லரிடம் பயின்ற ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு படிக்கட்டுச் சோதனை உருவானது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கிய பிறகு நாடியை எண்ணுவார்கள். 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கூப்பர் அதையும் எளிதாக்கினார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது? அவ்வளவுதான் சோதனை. பலகையின் உயரமும் கடிகாரத்தின் 12 நிமிடமும் வெள்ளியங்கிரி மலையைப் போல மாறாத அளவுகோல்கள்.

உள்ளே நடப்பது என்ன?

பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அதிகரிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. அதனால் அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது. அடுத்த சில வாரங்களில் தசைகளுக்குள் மாற்றம் வருகிறது. 1967-இல் ஹாலோசி என்ற விஞ்ஞானி எலிகளுக்கு 12 வாரம் ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் ஏறக்குறைய இரு மடங்கானது. இதயத்தின் அறைகள் விரிவடைய மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பும் தசைநாணும் இவற்றைவிட மெதுவாகவே பலப்படும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மூச்சு சீரானதும் உற்சாகத்தில் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுகிறவர்கள் முழங்கால் வலி, கெண்டைக்கால் எலும்பு வலி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கிடைத்தது நிலைக்குமா? 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை 20 நாட்கள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் உடல்திறன் கடுமையாகச் சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடே அதிகம் என்று தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சியில் அவர்கள் இழந்ததை மீட்டார்கள் என்பது ஆறுதலான செய்தி.

ஸ்டாப் வாட்ச் பொய் சொல்லுமா?

சில நேரம் சொல்லும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி.லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5,000 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 14 நிமிடம் 54 வினாடி. அவருடைய சிறந்த நேரங்களைவிட இது மெதுவானது. அதற்காக அவர் உடல் தளர்ந்திருந்தது என்று சொல்ல முடியுமா? வெக்கையும் புழுக்கமும் போட்டியின் உத்தியும் நேரத்தை மாற்றிவிடும். மார்கழிப் பனியில் ஓடிய நேரத்தையும் சித்திரை வெயிலில் ஓடிய நேரத்தையும் ஒப்பிடுவது முறையல்ல.

இந்த வரலாறு இன்று யாருக்குப் பயன்படும்? கொங்கு நாட்டின் மைதானங்களில் விடியும் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்குத்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 வினாடி. ஒரு வினாடி தாமதமானாலும் வேலை கைநழுவிப் போகும். முதல் வாரத்தில் 8 நிமிடம் ஆகிறதே என்று மனம் உடைகிறவர்கள் பலர். ஆனால் கடிகாரம் காட்டும் முன்பே உடல் காட்டிவிடுகிறது. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிவது, காலையில் எழுந்ததும் எண்ணும் நாடி சில துடிப்புகள் குறைந்திருப்பது, ஓடி நின்றதும் மூச்சு சீக்கிரம் அடங்குவது ஆகியவைதான் அந்த அடையாளங்கள்.

மலையேறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2024-இல் வெள்ளியங்கிரியில் ஏறிய பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். இதயக் கோளாறும் மூச்சுக் கோளாறும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓடவும் தொடங்கக்கூடாது. மற்றவர்களும் ஓரிரு மாதம் முன்பிருந்தே நடந்தும் மெதுவாக ஓடியும் உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது. மலை யாருக்காகவும் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. ஏறுகிறவன்தான் அதற்கு ஏற்றபடி மாற வேண்டும். அப்படி மாறும் வல்லமை மனித உடலுக்கு உண்டு என்பதையே 150 ஆண்டு வரலாறு சொல்கிறது.