எலிகளைக் காப்பாற்றிய மருந்து

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வரும், அடைப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ரத்தம் திரும்பி வரும்போதும் சேதம் நடக்கிறது! பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாயும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் ஏராளமாக உருவாகி, செல்லின் சவ்வையும் புரதங்களையும் தாக்குகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இன்னும் மோசம். அந்தச் சர்க்கரையையே பயன்படுத்தி செல்கள் சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலை அதிகமாகத் தயாரிப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டின. சர்க்கரை அதிகமுள்ள நிலையில் மருத்துவமனைக்கு வரும் பக்கவாத நோயாளிகள் தேறுவது கடினமாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் இருவரும் சூப்பர்ஆக்சைடை அழிக்கும் ஒரு என்சைமைக் கண்டுபிடித்தார்கள். உடம்பே ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது என்றால், ஆபத்து நேரத்தில் வெளியிலிருந்து கூடுதல் காவல் அனுப்பினால் என்ன? ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்துகளின் கதை இந்தக் கேள்வியில்தான் சூடுபிடித்தது.

அப்படி வந்த மருந்துகளில் மிகவும் எதிர்பார்க்கப்பட்டது என்எக்ஸ்ஒய்-059. ராடிக்கல்களைப் பிடித்துப் பார்க்க வேதியியலாளர்கள் வலை போலப் பயன்படுத்திய பிபிஎன் என்ற பொருளின் உறவுக்கார மூலக்கூறு இது. ஏற்கெனவே பல மருந்துகள் எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்றிருந்ததால், 1999-ல் 'ஸ்டேர்' என்ற நிபுணர் குழு விலங்குச் சோதனைகளுக்கு விதிமுறைகள் வகுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றிய மருந்து என்று இது பெயர் வாங்கியது. மார்மோசெட் குரங்குகளுக்கு அடைப்பு ஏற்பட்டு 4 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது.

அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் மனிதர்களிடம் சோதனையை நடத்தியது. பெயர் 'செயின்ட்', அதாவது புனிதர்! பக்கவாதம் வந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். சுமார் 1,700 பேர் பங்கேற்ற முதல் சோதனையின் முடிவு 2006 பிப்ரவரியில் வெளியானது: ஊனம் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு நெருடல் இருந்தது. மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டால்கூட இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வர 100-க்கு 4 வாய்ப்பு இருந்தது. நரம்பியல் பரிசோதனை மதிப்பெண்ணிலோ முன்னேற்றமே இல்லை.

இரண்டாவது சோதனை இன்னும் பெரியது, 3,306 பேர். 2006 அக்டோபரில் முடிவு வந்தது. மருந்துக்கும் வெறும் திரவத்துக்கும் வித்தியாசம் இல்லை. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மருந்தில் உரிமை வைத்திருந்த ரெனோவிஸ் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் 2008-ல் ஜெர்மனியின் எவோடெக்கிடம் போய்ச் சேர்ந்தது. முதலீட்டாளர் இழந்ததைக் கணக்கில் எழுதிவிடலாம். பேச முடியாமல் படுத்திருந்த அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட்ட மகனின் நம்பிக்கையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

எங்கே தவறு நடந்தது? 2008-ல் எடின்பரோவைச் சேர்ந்த மால்கம் மக்லியோட் குழு பழைய விலங்குச் சோதனைகளையெல்லாம் சேர்த்து அலசியது. எந்த விலங்குக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யாத ஆய்வுகளில் மூளைச் சேதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. குலுக்கல் செய்த ஆய்வுகளிலோ ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது! யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எலியும் நன்றாகத்தான் நடக்கும். தவிர, இந்த மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. சோதனை எலிகள் பெரும்பாலும் இளசானவை, ஆரோக்கியமானவை. நோயாளிகளோ வயதானவர்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள்.

வைட்டமின் மாத்திரைகளும் இதே வழிதான். 2000-ல் வெளியான 'ஹோப்' ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேர் சுமார் நாலரை ஆண்டுகள் வைட்டமின் ஈ சாப்பிட்டார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கும் பலன் இல்லை. மருந்துக் கடையில் மட்டும் விற்பனை குறைந்த மாதிரி தெரியவில்லை!

முழுத் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. எடரவோன் என்ற ராடிக்கல் எதிர்ப்பு மருந்து 2001-லேயே ஜப்பானில் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்றது. ஸ்பெயினில் 411 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், கட்டியைக் கரைக்கும் மருந்தோடு யூரிக் அமிலம் கொடுத்தார்கள். ஆம், கால் விரலை வீங்க வைக்கும் அதே யூரிக் அமிலம்தான். ரத்தத்தில் இயல்பாகவே உள்ள முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட் அது. நன்றாகத் தேறியவர்கள் மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம், பெறாதவர்களில் 33 சதவீதம். தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை. ஆனால் பெண்களிடமும், சர்க்கரை அதிகமாக இருந்தவர்களிடமும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சிறு குழுக்களில் தெரிந்த பலன் என்பதால், 'செயின்ட்' கதையைப் படித்தவர்கள் இதற்கு உடனே கைதட்டவில்லை.