விளக்கு அணையாமல் வீடு மாறுதல்

எனது பழைய கட்டுரைகளைத் தாங்கி நிற்கும் இணையத்தளத்தைச் சென்ற மாதம் ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்கு மாற்றினேன். மாற்றினேன் என்று சொல்வது முழு உண்மையாகாது. கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் இளம் நண்பர் ஒருவர் மாற்றினார். நான் அருகில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன். வேலை முடிய மூன்று நாட்கள் சென்றன. அந்த மூன்று நாட்களிலும் டொரன்டோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ தளத்திற்கு வந்த எவருக்கும் வீடு மாறிக்கொண்டிருப்பது தெரியவில்லை. கதவு ஒரு நிமிடமேனும் சாத்தப்படவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இதே வேலையை நானே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. அப்போது நான் செய்த முதற் காரியம், மாதச் செலவு மிச்சம் என்று எண்ணிப் பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடியது. புதிய இடம் இன்னும் ஆயத்தமாகவில்லை. தளம் நான்கு நாட்கள் இருளில் கிடந்தது. மீண்டு வந்தபோது எழுத்துகளின் இடத்தில் வரிவரியாகக் கேள்விக்குறிகள் நின்றன. பழைய தரவுத்தளம் ஒரு குறியாக்கத்திலும் புதியது வேறொன்றிலும் இருந்ததால், தமிழ் எழுத்துகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. என்னிடம் பிரதி இருந்த கட்டுரைகளை மறுபடி தட்டச்சிட்டேன். ஆனால் கட்டுரைகளின் கீழே வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களுக்கு வேறு பிரதி இல்லை. அவற்றுள் ஒன்று, நீலகிரி கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் எழுதியது. கலஹாப் பகுதித் தோட்டமொன்றில் தமது குடும்பம் வாழ்ந்த லயம், பீலித் தண்ணீர், கப்பலேறிய நாள் எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தார். அது போனது போனதுதான்.

இம்முறை நண்பர் கையாண்ட ஒழுங்கைச் சொல்கிறேன். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

இணையத்தில் ஒரு தளத்திற்குப் பெயர் வேறு, இருப்பிடம் வேறு. நாம் தட்டச்சிடுவது பெயர். கணினிகள் தேடிச் செல்வது எண்களாலான முகவரியை. தொடக்க காலத்தில் உலகிலுள்ள வலையமைப்புக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் அதனை மனிதர்கள் கையால் திருத்தி வந்தார்கள். பட்டியல் நீண்டு கைக்கு அடங்காமற் போனபோது, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் எனப்படும் பெயர்முறையை வகுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகவரியை அதற்குப் பொறுப்பானவரே வைத்துக்கொள்ள, மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. நமது நாட்டுக்குரிய எல்கே என்னும் ஈற்றுப் பெயர் 1990இலும், தமிழிலேயே எழுதத்தக்க ‘இலங்கை’ என்னும் ஈற்றுப் பெயர் 2010இலும் இந்த முறைக்குள் வந்தன.

கேட்டவர்கள் விடையைச் சிறிது காலம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வார்கள். எவ்வளவு காலம் என்பதை முகவரியோடு சேர்த்தே குறித்துவைக்கலாம். 86400 வினாடிகள் என்று குறித்திருந்தால், ஒரு நாள் முழுவதும் உலகின் ஏதோவொரு மூலையில் பழைய முகவரியே நினைவில் நிற்கும். நண்பர் முதல் நாள் செய்தது அந்த எண்ணை 300ஆகக் குறைத்தது மட்டுமே. அதாவது ஐந்து நிமிடம். பின்பு பழைய ஞாபகங்கள் மறையட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தார்.

இரண்டாம் நாள் கோப்புகளும் தரவுத்தளமும் புதிய வழங்கிக்குப் பிரதி செய்யப்பட்டன. பழையதிலிருந்து எதுவும் அகற்றப்படவில்லை. தமது கணினிக்கு மட்டும் புதிய முகவரியைச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குத் தெரியாமல் புதிய வீட்டுக்குள் நுழைந்து பார்த்தோம். கொம்பும் சுழியும் சரியாக நிற்கின்றனவா, படங்கள் தெரிகின்றனவா, இணைப்புகள் உரிய பக்கங்களுக்குச் செல்கின்றனவா என்று ஒப்புநோக்கினோம். அச்சுக்கூடத்தில் புரூப் பார்த்த பழக்கம் எனக்கு அங்கே உதவிற்று.

மூன்றாம் நாள், புதிய பதிவுகளைச் சற்று நேரம் நிறுத்திவைத்துக் கடைசிப் பிரதி எடுத்தார். வாசிக்க வந்தவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இறுதியாகவே முகவரி மாறியது. பழைய வீட்டில் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பழைய முகவரியை நினைவில் வைத்திருந்தவர்கள் அங்கேயும் வரவேற்கப்பட்டார்கள்.

புதிய இடத்தை முழுமையாக ஆயத்தப்படுத்து. சில காலம் இரண்டையும் இயக்கு. வழிகாட்டிப் பலகையைக் கடைசியாகத் திருப்பு. கடைசி ஆள் வந்து சேரும்வரை பழையதை மூடாதே. நண்பர் சொன்ன நான்கு விதிகளும் இவ்வளவே. கேட்டுக்கொண்டிருந்தபோது கண்டியின் கடந்த காலம் என் நினைவில் ஓடிற்று. இந்தச் சிறு நகரமும் அதன் சுற்றுப்புறமும் பெரிய குடிபெயர்வுகளைக் கண்டவை.

1944 ஏப்ரல் நடுப்பகுதியில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவே அதன் அலுவலகமாயிற்று. வந்த வேளையைக் கவனிக்க வேண்டும். இம்பாலை ஜப்பானியப் படை சூழ்ந்திருந்தது. கொஹிமாவில் அம்மாதம் 4ஆம் திகதி தொடங்கிய சமர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. களத்தை ஜெனரல் ஸ்லிமின் 14ஆவது படை பார்த்துக்கொண்டது உண்மை. ஆயினும் விமானங்கள், படைகள், வழங்கல்கள் பற்றிய பெருந் தீர்மானங்கள் தலைமையகத்தின் ஊடாகச் செல்ல வேண்டியிருந்தன. டில்லியில் ஒரு பிரிவு தொடர்ந்து இயங்க, கண்டியில் புதிய அலுவலகம் வேலையைக் கையேற்றது. போர் முடிந்தபின் 1945 நவம்பரில் அதே தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றது.

அதைவிட நிதானமாகவும் அழகாகவும் நடந்த குடிபெயர்வு பல்கலைக்கழகத்தினுடையது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை 1906இல் முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. முழுப் பல்கலைக்கழகம் எங்கே அமைவது என்ற வாதம் பின்னர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொழும்பா கண்டியா என்று சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் சண்டை நடந்தது. இறுதியில் மகாவலி கங்கைக் கரையிலுள்ள பேராதனை தெரிவாயிற்று.

ஆனால் கட்டடங்கள் எழும்வரை பெயர் காத்திருக்கவில்லை. 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே பிறந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். பேராதனைக்கான திட்டத்தைப் பட்ரிக் அபர்குரொம்பி வகுத்திருந்தார். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அதற்கு உருக்கொடுத்தார். போர் முடிந்து வேலை தொடங்கி, 1949இல் சட்டமும் விவசாயமும் முதலில் வந்தன. கலைப் பீடம் 1952இல் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி பேராதனை பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாயிற்று. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் முறைப்படி திறந்துவைத்தபோது, வளாகம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியற் பீடம் 1964இல்தான் பேராதனைக்கு வந்தது. அதுவரை ஒரே பெயர் இரண்டு இடங்களில் வாழ்ந்தது.

தமிழ்த்துறையை எடுத்துக்கொண்டால் இதன் பயன் தெளிவாகும். 1943இல் சுவாமி விபுலாநந்தர் கொழும்பில் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1947இல் அவர் மறைந்தபின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தொடர்ந்தார். ஆசிரியரும் பாடமும் மரபும் இழை அறாமல் பேராதனைக்கு வந்தன. 1950களில் கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கே மாணவர்களாக இருந்தார்கள். 1960களில் சு. வித்தியானந்தன் அந்த வளாகத்திலேயே நாட்டுக்கூத்துக்குப் புது வாழ்வு தந்தார்.

வளாகத்தின் ஊடே ஒரு வீதி செல்கிறது. அருணாசலத்தின் பெயர் தாங்கிய விடுதியும் அந்த வளாகத்திலேதான் இருக்கிறது. அவ்வீதி வழியே மேலும் ஏறினால் கலஹா, அப்பால் தெல்தோட்டை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் அந்தப் பக்கத்தில்தான். கோத்தகிரிப் பெரியவரின் லயமும் அந்த மலைகளில் எங்கோ இருந்தது.

பல்கலைக்கழகத்தைப் பத்தாண்டுப் பொறுமையோடு இடம்மாற்றிய அதே காலத்தில், அதே நாடு அந்த மலைகளில் வாழ்ந்தவர்களின் பெயர்களையும் ஒரு பதிவேட்டிலிருந்து மாற்ற முனைந்தது. அங்கே ஒழுங்கு தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்பை, அன்றேல் பாட்டன் பூட்டனின் பிறப்பை இந்நாட்டில் நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இன் சட்டப்படி விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரில், உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 மே மாதத் தேர்தலில் ஒருவர்கூட இல்லை. பேராதனையில் கலைப் பீடம் குடிபுகுந்தது அதே ஆண்டு ஒக்டோபரில்.

பழைய பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டாயிற்று. புதிய பதிவேடு எதுவும் ஆயத்தமாக இல்லை. இந்தியாவின் ஏட்டிலும் பெரும்பாலோரின் பெயர் இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கண்டி நகரத்திலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்த வரிசைகளை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ரயிலில் தலைமன்னார் சென்று கப்பலேறினார்கள். 1984இல் போரினால் கப்பல் நின்றது. கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நாட்டுக்குப் போகவும் முடியாமல் இந்த நாட்டுக்கு உரியவராகவும் இல்லாமல் நின்றவர்கள் பலர். 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று கதவு மெதுவாகத் திறந்தது. முதல் வெட்டிலிருந்து அந்தத் திறப்பு வரை 55 ஆண்டுகள்.

மனிதர்கள் கோப்புகள் அல்லர். வழங்கி மாற்றத்தையும் நாடு மாற்றத்தையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமன்று. ஒரு கட்டுரைத் தொகுதிக்கு என் நண்பர் காட்டிய கவனத்தில் பாதியையேனும் அரசுகள் அந்தக் குடும்பங்களுக்குக் காட்டியிருந்தால் என்ற எண்ணம்தான் என்னை விட்டு அகலவில்லை. பழைய பெயரை வெட்டுமுன் புதிய பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. எப்படிச் செய்வது என்பதைப் பேராதனையிலேயே செய்து காட்டியிருந்தார்கள்.

வேலை முடிந்த மாலை, “பழைய கணக்கை நிறுத்திவிடவா ஐயா?” என்று நண்பர் கேட்டார். இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும் தம்பி என்றேன். பழைய முகவரியோடு எவரேனும் வரக்கூடும்.

கோத்தகிரிப் பெரியவரின் கடிதத்தை அந்நாளில் எவரேனும் அச்செடுத்தோ சேமித்தோ வைத்திருந்தால் அன்புகூர்ந்து எனக்கு அனுப்பிவையுங்கள். அதற்குரிய இடத்தைத் தளத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இம்முறை அதற்கு இரண்டு பிரதிகள் இருக்கும்.