சுங்கானும் கோப்பியும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், சுங்கான் புகைக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேசையில் பால் கலவாத தேநீர் எப்போதும் இருக்கும். "புகை நாவை உலர்த்தும், சுவையை மழுக்கும், ஒரு மிடறு தேநீர் அதைத் தெளிவிக்கும்" என்பார்.

இந்தச் சேர்க்கை மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இஸ்தான்புல்லில் கோப்பிக்கடைகள் தோன்றின. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிலையும் அங்கு பரவிற்று. நீண்ட சுங்கானும் சிறு கிண்ணக் கோப்பியும் இணைபிரியாதனவாயின. நா ஈரமானது, பேச்சு நீண்டது, அது அரசியலையும் தொட்டது. 1633இல் சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடைசெய்து, கோப்பிக்கடைகளையும் மூடுவித்தார். நகரில் மூண்ட பெருந்தீ அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

இலண்டனில் பஸ்குவா ரோசே என்பவர் 1652இல் முதற் கோப்பிக்கடையைத் திறந்தார். அத்தகைய கடைகளில் களிமண் சுங்கானுக்கும் கோப்பிக்கும் துணையாகச் செய்தித்தாளும் சேர்ந்தது. 1675 டிசெம்பரில் மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் அவற்றை மூடுமாறு ஆணையிட்டார். அங்கே பொய்ச்செய்திகள் பரவுகின்றன என்பதே குற்றச்சாட்டு. எதிர்ப்பு வலுக்கவே, 1676 ஜனவரியில் அந்த ஆணை கைவிடப்பட்டது.

புகைத்தலுக்காக நான் வாதாடவில்லை. நாவைத் தெளிவிக்கும் பானம் புற்றுநோய் அபாயத்தைக் கழுவிவிடாது. மதுவாயின் அந்த அபாயம் மேலும் பெருகும். ஆயினும் மன்னர்கள் பெரிதும் அஞ்சியது புகைக்கன்று, நனைந்த நாவின் பேச்சுக்கே. சுங்கான் போகட்டும்; அந்தக் கோப்பி மேசையை இழக்க நான் ஒருபோதும் உடன்படேன்.