சப்பாத்துகள் காட்டிய கடல்வழி

மிதக்கும் குப்பை எக்கரை சேரும் என்று கணினி சொல்லலாம். அச்சொல் மெய்யா என்று சோதிப்பதன்றோ கடினம்! முன்னாளில் புட்டிகளை மிதக்கவிட்டனர். திரும்பக் கிடைத்தவை மிகச் சிலவே.

1990 மே 27இல் வட பசிபிக் புயலில், கொரியாவிலிருந்து அமெரிக்கா நோக்கிச் சென்ற 'ஹன்சா கேரியர்' கப்பலினின்றும் கொள்கலன்கள் கடலில் வீழ்ந்தன. 60,000க்கு மேற்பட்ட நைக்கி சப்பாத்துகள் மிதந்தன. வீழ்ந்த இடமும் நாளும் திட்டமாகத் தெரியும். எந்தக் கொள்கலனுக்குரியது என்பதை ஒவ்வொன்றிலும் இருந்த எண்ணே சொல்லிற்று. எந்த ஆராய்ச்சிக் கழகமும் செலவிட்டுச் செய்திருக்க முடியாத சோதனை இது.

அக்குளிர்காலத்தில் வாஷிங்டன், ஒரிகன் கரைகளில் அவை ஒதுங்கின. கர்ட்டிஸ் எபஸ்மேயர் கணக்கெடுத்தார். ஜேம்ஸ் இங்கிராம், மீன்களின் போக்கை ஆராய அமைத்திருந்த கணினி மாதிரியில் அந்நாட்களின் காற்றைப் புகுத்திப் பார்த்தார். கணிப்பும் கரையும் பெரிதும் ஒத்தன.

இடக்காலும் வலக்காலும் தனித்தனியே ஒதுங்கியதால், ஜோடி சேர்க்க மக்கள் கூடிச் சப்பாத்துகளை மாற்றிக்கொண்டனர்.