மெர்சென் பட்டியலும் 2¹²⁷−1 என்னும் பகா எண்ணும்

முன்னுரை

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷−1 அத்தகையதோர் எண்ணாகும். அதன் முழு வடிவம் 170141183460469231731687303715884105727. இது பகா எண் என்னும் கூற்று 1644இல் வெளிவந்தது, நிறுவப்பட்டதோ 1876இல். ஒரு கூற்று சரியாக இருப்பதும் அது நிறுவப்பட்டிருப்பதும் வேறு என்பதை இந்த 232 ஆண்டு இடைவெளியைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

மெர்சென் பட்டியல்

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் பகா எண்கள், யூக்ளிடு காலம் முதலே நிறைவெண்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. சான்றாக, 2³−1 = 7. இதனை 4ஆல் பெருக்கக் கிடைக்கும் 28, தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூடுதலுக்குச் சமம். பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளுள் பகா எண்ணைத் தருவன 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்றார். அதற்கு நிறுவல் தரவில்லை.

லூக்காஸின் சோதனை

2³¹−1 பகா எண் என்பதை ஆய்லர் 1772இல் வகுத்துப் பார்க்கும் முறையால் நிறுவினார். 2¹²⁷−1இன் வர்க்கமூலமே 20 இலக்கங்கள் கொண்டது. ஆதலின் அம்முறை இங்குப் பயன்படாது. எதுவார் லூக்காஸ் காரணிகளைத் தேடாமலேயே முடிவு காணும் சோதனையை வகுத்தார். லெமர் அதனைப் பின்னர் எளிமையாக்கினார். அவ்வடிவில், 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதனை அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்ய, இறுதி மீதி சுழியமானால் அது பகா எண். 2⁵−1 = 31க்கு மீதிகள் முறையே 14, 8, 0.

இவ்வழியில் லூக்காஸ் 1876இல் 2¹²⁷−1 பகா எண் என்றும், 2⁶⁷−1 பகு எண் என்றும் கண்டார். பின்னதன் காரணிகளை அவர் அறிந்திலர். அவை 193707721, 761838257287 என்பதை 1903இல் கோல் வெளிப்படுத்தினார்.

முடிவுரை

மெர்சென் பட்டியலில் 67, 257 ஆகியன தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகியன விடுபட்டன. 127 சரியாக அமைந்தது. எனினும், 67க்கும் 127க்கும் பட்டியல் தந்த சான்று ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்தியது லூக்காஸின் முறையே. அறியப்பட்ட பகா எண்களுள் மிகப்பெரியது என்னும் நிலையை 2¹²⁷−1 1951 வரை தக்கவைத்திருந்தது. அவ்வாண்டு கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி கண்டறிந்த 79 இலக்கப் பகா எண்ணும் இதன் வர்க்கத்தை 180ஆல் பெருக்கி 1ஐக் கூட்டிப் பெறப்பட்டதே. நிறுவப்பட்ட ஒன்றின் மீதே அடுத்ததைக் கட்ட இயன்றது. முன்னோர் கூற்றை மேற்கோளாக எடுத்தாளும் எத்துறை ஆய்வாளரும் அக்கூற்று எவ்வாறு பெறப்பட்டது என வினவுதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.